நோன்புக் கஞ்சி ஆறுவதற்குள்

சினிமா, ஜோசியம், சிறுவாணித் தண்ணீர் என்றால் பெயர், தெரு, கதவு எண் வரை எழுதி அனுப்புகிறவர்கள், மதம் என்றதும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரி, இந்த வாரம் ஊரே பெயராக இருக்கட்டும். என் பக்கத்துத் தகவல் ஒன்று: பெரிய கடை வீதி புனித மிக்கேல் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன் நான். அங்கிருந்து கோட்டைமேடு கூப்பிடு தூரம். பதில்களில் சாய்வு தெரிந்தால் அதற்கு இந்த முகவரிதான் காரணம்.

கே: கிறிஸ்தவர் நோன்புக் கஞ்சி குடிக்கலாமா? (கவுண்டம்பாளையம்)

ப: தாராளமாக. ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும்.

கே: உங்கள் தவக்காலமும் அவர்கள் ரமலானும் ஒன்றுதானே? (சரவணம்பட்டி)

ப: 2025-இல் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்தன. மார்ச் 2 இங்கே முதல் நோன்பு, மார்ச் 5 சாம்பல் புதன். ஒப்பணக்காரர் வீதியில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு முப்பது வருடப் பழக்கம். பகல் இரண்டு மணி வெயிலில், எச்சில்கூட விழுங்க யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கும் நோன்பாமே, என்னங்க சாப்பிட்டீங்க?" என்றார். கறி கிடையாது, மீன் மட்டும்தான் என்றேன், கொஞ்சம் தியாக முகத்தோடு. என்ன மீன் என்று கேட்டார். வஞ்சிரம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, இது நோன்புங்களா, மெனு மாத்தங்களா?" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை பட்டினி. இறையியல் நூல்கள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

கே: அல்லாவும் ஆண்டவரும் ஒருவரா, வேறா? (திருப்பூர்)

ப: அரபு பேசும் கிறிஸ்தவர்களின் விவிலியத்தைத் திறந்தால் கடவுளுக்கு 'அல்லாஹ்' என்றுதான் இருக்கும். வேறு சொல் அவர்களுக்கு இல்லை. பெயரில் வழக்கு வந்தது மலேசியாவில். கத்தோலிக்க வார இதழான 'ஹெரால்ட்' தன் மலாய்ப் பக்கங்களில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அரசு தடுத்தது. நீதிமன்றப் படிகளில் வருடக்கணக்காக ஏறி இறங்கி, 2014-இல் உச்ச நிலை நீதிமன்றம் இதழின் கோரிக்கையைத் தள்ளியது. அதே இதழில் தமிழ்ப் பக்கமும் உண்டு. அதற்கு ஒரு வழக்கும் இல்லை. தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை பாருங்கள்.

ஆனால் நாமும் மார்தட்ட வேண்டாம். சீர்திருத்த சபைக்காரர் 'தேவன்', 'கர்த்தர்' என்பார். நாங்கள் 'கடவுள்', 'ஆண்டவர்' என்போம். 1995-இல் இரு தரப்பும் கூடிப் பொது மொழிபெயர்ப்பு ஒன்று வெளியிட்ட பிறகும் பெரும்பாலான சபைகள் பழையதைத்தான் கையில் வைத்திருக்கின்றன. பெயர் இருக்கட்டும். அந்த ஒருவர் மனிதனாக வந்து சிலுவையில் தொங்கினாரா என்பதில்தான் எங்களுக்கும் பாய்க்கும் உண்மையான வழக்கு. அதைச் சமாதானக் கூட்ட மேடையில் மழுப்புகிறவர்களை இரண்டு பேருமே மதிப்பதில்லை.

கே: குர்ஆனில் மாதாவைப் பற்றி உண்மையிலேயே இருக்கிறதா? (கருமத்தம்பட்டி)

ப: ஜெபமாலை அன்னை கோயில் நிழலில் இருந்துகொண்டு இப்படிச் சந்தேகமாகக் கேட்கலாமா? இருக்கிறது. 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'மர்யம்'. குர்ஆன் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான், 34 இடங்களில். நம் புதிய ஏற்பாட்டில்கூட அவர் பெயர் அத்தனை முறை வராது.

கதைதான் வேறு. சத்திரம் இல்லை, மாட்டுத் தொழுவம் இல்லை, சூசையப்பர் இல்லவே இல்லை. பிரசவ வலியோடு தனியாக ஒரு பேரீச்சமரத்தடியில் கிடக்கிறாள், செத்துப்போயிருக்கலாமே என்று கதறுகிறாள். காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் பழம். துணைக்கு ஒரு ஆள் இல்லாத அந்தத் தலைப்பிரசவத்தை முதல் முறை படித்தபோது, நம் கிறிஸ்துமஸ் குடில்களில் மாதாவுக்கு ஒரு முடிகூடக் கலையாமல் இருப்பது எனக்கு உறுத்தியது.

கே: கிறிஸ்தவ–முஸ்லிம் விவாதங்களில் பெரும்பாலும் ஜெயிப்பது யார்? (கரும்புக்கடை)

ப: வீடியோ எடுத்தவர்.

கே: விளையாட்டு வேண்டாம். பைபிள் திருத்தப்பட்ட புத்தகம் என்று அவர்கள் மேடை போட்டுக் கேட்கும்போது உங்கள் ஆட்கள் திணறுகிறார்களே, ஏன்? (பொள்ளாச்சி)

ப: திணறல் பழையது. 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் தொடங்கியது. ஃபாண்டர் என்ற ஜெர்மன் மிஷனரி, பாரசீகமும் உருதும் கரைத்துக் குடித்தவர். 'மீசானுல் ஹக்', அதாவது சத்தியத் தராசு, என்று ஒரு நூல் எழுதி ஊரெல்லாம் பரப்பி, ஆலிம்களை வாதுக்கு அழைத்தார். ரஹ்மத்துல்லா கைரானவி என்ற அறிஞர் வந்தார். கூடவே ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர் வஸீர் கான். குர்ஆன் வசனங்களோடு வருவார்கள் என்று ஃபாண்டர் காத்திருந்தார். அவர்களோ ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களோடு வந்து இறங்கினார்கள். பழைய கையெழுத்துப் படிகளில் எங்கெங்கே பாடம் மாறுகிறது என்று ஜெர்மன், ஆங்கிலேயப் பண்டிதர்கள் எழுதியதையே எடுத்துப் போட்டார்கள். அந்த ஆராய்ச்சி ஃபாண்டரின் சொந்த நாட்டில் நடந்தது. அவர் அதைச் சரியாகப் படிக்காமல் வந்திருந்தார். சில இடங்களில் படியெடுத்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டே நாளில் கூட்டம் கலைந்தது. திரித்துவம் முதலான மற்றத் தலைப்புகளுக்கு முறையே வரவில்லை.

1857-க்குப் பிறகு கைரானவி தப்பி மக்கா போய்ச் சேர்ந்தார். 'இஸ்ஹாருல் ஹக்' என்று அவர் எழுதிய பதில் நூல் 1864-இல் வெளிவந்தது. அதன் ஒரு பிரதி எப்படியோ தென்னாப்பிரிக்காவுக்குப் போய், மிஷன் கல்லூரி ஒன்றின் அருகே கடையில் வேலை பார்த்த ஒரு குஜராத்தி இளைஞர் கையில் சிக்கியது. அங்கே பயிலும் கிறிஸ்தவ மாணவர்கள் தினமும் கடைக்கு வந்து அவரைக் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள். அவர் பெயர் அஹ்மத் தீதாத். பிறகு நடந்ததை உக்கடத்து சி.டி. கடைகள் அறியும்.

திணறலுக்கு மருந்து எளிது: ஆமாம், பாட வேறுபாடுகள் உண்டு, எங்கள் விவிலியத்தின் அடிக்குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. இயேசுவைப் பற்றி நான்கு பேர் எழுதிய சாட்சியத்தை, சொல்லுக்குச் சொல் வானிலிருந்து இறங்கியதாக ஒரு முஸ்லிம் நம்பும் குர்ஆனோடு நிறுத்துப் பார்ப்பதே தவறான தராசு. குர்ஆன் அவருக்கு என்னவோ, அது எங்களுக்கு இயேசு. புத்தகத்துக்கு எதிரே புத்தகத்தை வைத்தால் பாய்தான் ஜெயிப்பார். ஹாபிஸ் மதரஸாவில் படிக்கும் அவர் பேரன் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வான். என் பேரனுக்குப் பத்துக் கட்டளையில் ஏழு தெரியும்.

கே: மூன்றும் ஒன்று என்பதை ஒரு முஸ்லிமுக்கு உருப்படியாக விளக்கிய கிறிஸ்தவர் யாராவது உண்டா? (பல்லடம்)

ப: முயன்றவர்களில் எனக்குப் பிடித்தவர் முதலாம் திமொத்தேயு. பாக்தாதில் இருந்த கிழக்குச் சபையின் தலைவர். நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துத் தோமா கிறிஸ்தவர்கள் அக்காலத்தில் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் ஒரு வகையில் அக்கம்பக்கத்துக்காரர். கி.பி. 780-களின் தொடக்கத்தில் கலீபா அல்-மஹ்தி அவரை அரண்மனையில் உட்கார வைத்து இரண்டு நாள் கேள்வி கேட்டார். கடவுளுக்கு எப்படி மகன், மூன்று எப்படி ஒன்று, எங்கள் நபியைப் பற்றி உமது கருத்து என்ன?

கேட்டவர் கையில் வாள் இருந்தது; கேட்கப்பட்டவர் தலையில் ஒரு சபை இருந்தது. அப்படியிருந்தும் திமொத்தேயு வழுக்கவில்லை. மூன்றுக்குச் சூரியனும் அதன் ஒளியும் வெப்பமும் என்று உவமை சொன்னார். நபியைப் பற்றி, அவர் இறைவாக்கினர்களின் வழியில் நடந்தவர் என்றார். சிலைகளை விட்டு ஒரே கடவுளிடம் மக்களைத் திருப்பியதைப் புகழ்ந்தார். ஆனாலும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு முத்தின் கதை. இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிடுகிறது. எல்லோரும் குனிந்து தேடி ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கையில் கண்ணாடித் துண்டு, ஒருவர் கையில் கல், ஒருவர் கையில் முத்து. விளக்கு வரும்வரை எல்லோரும் முத்து தன்னிடம் என்றே நினைத்திருப்பார்கள். முத்து எங்களிடம்தான் என்று அவர் நம்பினார் என்பதையும் மறைக்கவில்லை.

வாதிடும் முறை பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலை மொழிபெயர்த்துத் தரும்படி இதே திமொத்தேயுவிடம்தான் அந்தக் கலீபா கேட்டிருந்தார். எதிராளிக்கு வாள் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கிய அப்படி ஒரு பாதிரியை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கே: திப்பு நல்லவரா, கெட்டவரா? (ஓடாநிலை)

ப: 1784 முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்த மங்களூர் கத்தோலிக்கரைக் கேட்டால் ஒரு பதில். உங்கள் ஊர்க் கோட்டைக்குச் சொந்தக்காரரான தீரன் சின்னமலையைக் கேட்டால் வேறு பதில். அவர் திப்புவோடு சேர்ந்து வெள்ளையனோடு மோதியவர். ஆள் ஒருவர்தான்.

கே: எங்கள் ஊர்ப் பெரியார் இழிவு நீங்க இஸ்லாமைப் பரிந்துரைத்தார். கிறிஸ்தவத்தை ஏன் விட்டுவிட்டார்? (ஈரோடு)

ப: உள்ளே எட்டிப் பார்த்திருப்பார். 1947-இல் திருச்சியில் 'இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து' என்று அவர் பேசியபோது, தமிழ்நாட்டுக் கோயில்களில் சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு கல்லறை என்பது ரகசியமே இல்லை. இன்றும் சில ஊர்களில் உயிர்த்தெழுதலை நம்பும் நாங்கள், யார் எந்த மண்ணில் இருந்து எழ வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறோம்.

இதற்குக் கோவையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. இந்த மறைமாவட்டத்தின் முதல் தலைவர் மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர். 'மலபார் சடங்குகள்' என்ற பெயரில் சாதி வழக்கங்களைச் சபைக்குள் எவ்வளவு தூரம் விடலாம் என்ற சிக்கலில் மனம் ஒப்பாமல், பதவியே வேண்டாம் என்று 1855-இல் விலகிவிட்டார். பிறகு ஆப்பிரிக்க மறைப்பணிக்கென்று ஒரு சபை நிறுவி, 1859-இல் ஃப்ரீடவுன் போய் இறங்கிய சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பெரிய கடை வீதியில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

பெரியார் தந்த மருந்துச் சீட்டிலும் ஒரு பத்தியம் விட்டுப்போயிருக்கிறது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பது உண்மை, கண்ணால் பார்க்கலாம். சம்பந்தம் பேசும்போது ராவுத்தர் ராவுத்தரையும், தக்கினி உருது பேசுகிறவர் உருதுக்காரரையும்தான் தேடுகிறார்கள். தில்லிக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. 1950 ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்கும் முஸ்லிமான தலித்துக்கும் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்காரரும் இன்னும் வாசலில் நிற்கிறோம். சேர்ந்து போராட இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? இதற்கு ஒரு விவாத மேடையும் யாரும் போடுவதில்லை.

கே: மத நல்லிணக்கம் பேசுகிறீர்களே, 98-ஐ மறந்துவிட்டீர்களா? (செல்வபுரம்)

ப: இல்லை. 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்தடுத்து நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, அத்வானி பேச வேண்டிய தேர்தல் கூட்ட நாளில் ஊரெங்கும் குண்டுகள். 58 பேர் இறந்தார்கள், 200-க்கு மேல் காயம். இந்த மூன்று வரியில் ஏதாவது ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்கிறவர் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறொன்றும் மறக்கவில்லை. அடுத்த வருடம் வாடகை வீடு தேடி அலைந்தேன். புரோக்கர் போனில் முதல் கேள்வியாக, "நம்ம ஆளுங்கதானுங்களே?" என்றார். பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "கிறிஸ்டியன்னா பரவால்லைங்க. அவுங்கதான் ஆகாது" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டேன். அத்தர் கடை பாயின் மருமகனும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

கோபமே வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோயிலுக்கு வந்தவர்கள் குண்டுக்குச் சிதறினார்கள். விடுதிகளில் இறந்தவர்களையும் சேர்த்து 260-க்கு மேல். ஜூன் மாதம் என்.ஐ.ஏ. அதன் தொடர்பு தேடிக் கோவைக்கு வந்தது. அந்த மாதம் நான் அத்தர் கடைப் பக்கம் போகவில்லை. பாய்தான் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார், ஒன்றும் பேசாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து போனார்.

2022 தீபாவளிக்கு முந்தின நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து, ஓட்டி வந்தவரே இறந்தபோது, சில நாட்களில் ஜமாத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசினார்கள். எங்கள் சபையில் இருந்து யாராவது இப்படி முதல் ஆளாக எங்காவது போயிருக்கிறோமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கே: முனம்பத்தில் கிறிஸ்தவ மீனவர்களின் நிலத்தை வக்ஃபு வாரியம் கேட்கிறது. நீங்கள் யார் பக்கம்? (வாளையார்)

ப: கிரயப் பத்திரம் வைத்திருப்பவர் பக்கம். எர்ணாகுளம் மாவட்டத்தில் 404 ஏக்கர், சுமார் 600 குடும்பங்கள். பெரும்பாலோர் லத்தீன் கத்தோலிக்கர், இந்துக்களும் உண்டு. 1950-இல் ஃபாரூக் கல்லூரிக்கு எழுதித் தரப்பட்ட நிலத்தை, பின்னால் அந்தக் கல்லூரியிடமே காசு கொடுத்து வாங்கியவர்கள். 2019-இல் வாரியம் அதை வக்ஃபு என்று பதிவு செய்தது. காசு கொடுத்து வாங்கிய மண்ணுக்கு வரி கட்டப் போனால் வாங்க மாட்டேன் என்கிற வலி, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்த எந்தக் கொங்கு விவசாயிக்கும் புரியும். அங்குள்ள முஸ்லிம் லீக் தலைவர்களே பேராயரைப் போய்ப் பார்த்து, யாரையும் வெளியேற்றக் கூடாது என்றார்கள்.

இதுவரை சரி. ஆனால் கேரள ஆயர்கள் இந்த ஒரு வலியை வைத்து, வக்ஃபு திருத்த மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுங்கள் என்று எம்.பி.க்களைக் கேட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் மசோதா நிறைவேறியது. மை காய்வதற்குள், ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான 'ஆர்கனைசர்' தன் இணையதளத்தில் அடுத்த கட்டுரை போட்டது: இந்தியாவில் கத்தோலிக்கத் திருச்சபையிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று. சத்தம் எழுந்ததும் எடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து வேலியைப் பிடுங்க ஆள் கூட்டி வந்தால், வந்த ஆள் நம் வேலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவான்.

கே: 3.5 சதவீத ஒதுக்கீட்டைக் கிறிஸ்தவர்கள் திருப்பிக் கொடுத்தது உண்மையா? (நாமக்கல்)

ப: உண்மை. 2007-இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கில் இருந்து முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 கொடுத்தார் கலைஞர். நாங்கள் ஸ்வீட் எல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டோம். பொதுப் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் ஏற்கெனவே இதைவிட அதிக இடம் வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. 2008-இல் 'வேண்டாங்க' என்று திருப்பிவிட்டோம். முஸ்லிம்கள் வைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அது லாபம். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கே: எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு பணம் தருவது சரியா? (கோபி)

ப: 2011-இல் ஜெயலலிதா அறிவித்த திட்டம். இயேசு அந்த ஊருக்குள் நுழைந்தது ஓர் இரவல் கழுதையில் என்பதை விமானத்தில் ஏறும்போது நினைத்துக்கொள்ளலாம்.

கே: வேட்பாளர்கள் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றுக்கும் போவது நல்லிணக்கம்தானே? (காங்கேயம்)

ப: கஞ்சிக்குத் தொப்பி, கேக்குக்குக் கத்தி, கோயிலுக்குப் பட்டை. தேர்தல் முடிந்த வாரமும் மூன்றுக்கும் போனவர் யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

கே: உங்களைப் போல் குர்ஆனைப் படித்துப் பார்க்க ஆசை. தமிழில் எதைப் படிப்பது, எங்கே தொடங்குவது? (கிணத்துக்கடவு)

ப: ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி பல வருடம் உழைத்து முழுவதையும் தமிழாக்கினார். அதை வாங்குங்கள். முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் இரண்டாம் அத்தியாயத்தின் நீளத்தில் களைத்துவிடுவீர்கள், 19-இல் தொடங்குங்கள். புரியாத இடத்தில் யூடியூப் பக்கம் போக வேண்டாம், பக்கத்துக் கடை பாயைக் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வார். உக்கடத்தில் பஸ் ஏறியதும் புத்தகத்தைத் திறந்தால் உங்கள் ஊர் வருவதற்குள் முடிந்துவிடும். மொத்தம் 98 வசனங்கள்தான்.